யோஹான் வில்ஹெல்ம் பிரையர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு மேசை, அதன் மேல் நாலைந்து பழங்கள், பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கிண்ணம். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் இதையே வரைந்து கொண்டிருந்த ஒரு ஜெர்மன் ஓவியரைப் பற்றிய பக்கம் இது. அவருடைய படத்தை முதல்முறை பார்ப்பவர்கள் கேட்கும் கேள்விகளை ஒரே இடத்தில் சேர்த்து, எனக்குத் தெரிந்த பதில்களை எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீளம். அங்கெல்லாம் சொல்ல விஷயம் இருக்கிறது.

யார் இந்தப் பிரையர்?

யோஹான் வில்ஹெல்ம் பிரையர் 1803 ஜூலை 19 அன்று ரைட் என்ற ஊரில் பிறந்தார். ரைன் நதிக்கு மேற்கே இருக்கும் அந்த ஊர் இன்று மொன்ஷென்கிளாட்பாக் நகரத்தோடு சேர்ந்துவிட்டது. 1822இல், பத்தொன்பது வயதில், பக்கத்திலிருந்த டுசல்டார்ஃப் ஓவிய அகாடமியில் சேர்ந்தார். நடுவில் ஹாலந்து, மியூனிக், இத்தாலி என்று சுற்றினாலும் திரும்பத் திரும்ப வந்து சேர்ந்தது டுசல்டார்ஃபுக்குத்தான். 1889 பிப்ரவரி 20 அன்று அங்கேயே காலமானார். வயது 85.

அவர் பிறந்தபோது ஜெர்மனி என்று ஒரு நாடே கிடையாது. ரைன் நதியின் மேற்குக் கரை அப்போது பிரான்சின் ஆட்சியில் இருந்தது. 1815இல் அது பிரஷ்யாவின் கைக்குப் போனது. 1871இல் ஜெர்மன் பேரரசு உருவானபோது பிரையருக்கு அறுபத்தெட்டு வயது நெருங்கிக் கொண்டிருந்தது. போர், புரட்சி, ரயில், தொழிற்சாலை எல்லாம் அவர் கண்ணெதிரேயே வந்தன. அவர் படங்களில் இவற்றில் ஒன்றையும் பார்க்க முடியாது.

அகாடமியில் படித்தவர் ஏன் பழம் வரையப் போனார்?

இந்தக் கேள்விக்குள்தான் அவருடைய துணிச்சல் இருக்கிறது. அந்தக் காலத்து ஐரோப்பிய அகாடமிகளில் ஓவிய வகைகளுக்கு ஒரு படிவரிசை உண்டு. வரலாறு, பைபிள், புராணம் ஆகியவற்றை வரைபவர்கள் மேல்படி. அதற்குக் கீழே உருவப்படம், அன்றாட வாழ்க்கைக் காட்சி, நிலக்காட்சி. எல்லாவற்றுக்கும் அடியில் ஸ்டில் லைஃப், அதாவது அசையாப் பொருள்களின் ஓவியம். பழமும் பாத்திரமும் வரைவதற்குக் கை இருந்தால் போதும், சிந்தனை வேண்டாம் என்பது அன்றைய நம்பிக்கை.

பிரையர் சேர்ந்த சமயத்தில் அகாடமியின் தலைவர் பேட்டர் ஃபொன் கொர்னேலியுஸ். சுவர் நிறைய வீரர்களையும் தேவதைகளையும் வரைவதுதான் கலை என்று நம்பியவர். அவர் மியூனிக் போன பிறகு 1826இல் வில்ஹெல்ம் ஃபொன் ஷாடோ தலைவரானார். ஷாடோவுக்கும் சமய, வரலாற்று ஓவியங்கள்தான் பெரிது. ஆனாலும் இயற்கையைப் பார்த்து, எண்ணெய் வண்ணத்தில், நிதானமாக முழுமை செய்து பழக வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். அந்தப் பயிற்சிதான் பிரையருக்குக் கை கொடுத்தது என்று நினைக்கிறேன். கூடப் படித்தவர்கள் போர்க்களம், புனிதர், மலைக்கோட்டை என்று போனார்கள். 1830களின் தொடக்கத்திலேயே இவர் பழங்களோடும் பூக்களோடும் நின்றுவிட்டார், அப்புறம் விலகவேயில்லை. கடைசிப் படியைத் தெரிந்தே தேர்ந்தெடுத்தவர் அவர்.

அவர் மிகவும் குள்ளமானவர் என்கிறார்களே?

ஆமாம். அவரும் அவருடைய அண்ணன் குஸ்டாவும் பிறவியிலேயே உயரம் மிகக் குறைந்தவர்கள். குஸ்டாவும் ஓவியர்தான். நிலக்காட்சிகள் வரைந்தார், 1839இல் இறந்துபோனார்.

பிரையரின் நெருங்கிய நண்பர் யோஹான் பேட்டர் ஹாசன்கிளேவர். அன்றாட வாழ்க்கைக் காட்சிகளை நகைச்சுவையோடு வரைந்தவர். ஊராரையும் சக ஓவியர்களையும் படத்தில் கேலி செய்வதில் கெட்டிக்காரர். அவர் 1846இல் பிரையரையே ஒரு உருவப்படமாக வரைந்தார். மற்றவர்களைக் கிண்டல் செய்த அந்தத் தூரிகை நண்பரிடம் வரும்போது மரியாதையோடு நடந்துகொண்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "உயரம் குறைவு என்பதால்தான் மேசையை அவ்வளவு தாழ்ந்த கோணத்திலிருந்து பார்த்தார்" என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாலே, அல்லது மேசையைக் கொஞ்சம் உயர்த்தினாலே, யாருக்கும் அந்தக் கோணம் கிடைத்துவிடும். நல்ல உயரமான ஓவியர்களும் அதே கோணத்தில் வரைந்திருக்கிறார்கள். கண்மட்டத்துக்கு வரும்போது ஒரு பிளம் பழம்கூடப் பெரிதாக, கனமாக, நம் எதிரே நிற்பது போலத் தெரியும். அதுதான் காரணம். ஒரு ஓவியரின் கலைத் தீர்மானத்தை அவர் உடம்பைக் காட்டி விளக்குவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

அவர் படங்களில் என்னதான் இருக்கும்?

பெரும்பாலும் சிறிய படங்கள். முன்னால் ஒரு பளிங்கு மேசையின் விளிம்பு, அல்லது வெள்ளையிலேயே வெள்ளைப் பூவேலை நெய்த ஒரு மேசைவிரிப்பு. அதன் மேல் பச்சைத் திராட்சை, கருந்திராட்சை, பீச், பிளம், ஆப்ரிகாட். பக்கத்தில் உடைத்ததும் உடைக்காததுமாக ஒன்றிரண்டு அக்ரூட், ஹேசல் கொட்டைகள். பல படங்களில் ஒரு ஷாம்பெய்ன் கிண்ணம், உள்ளே எழும்பும் குமிழிகளோடு. பின்னணியில் ஒன்றும் இருக்காது, மங்கிய ஒரு நிறம் மட்டும். சில படங்களில் ஒரு ஈ வந்து உட்கார்ந்திருக்கும்.

இவ்வளவுதான் பட்டியல். அறுபது ஆண்டுகள் இந்தப் பத்துப் பன்னிரண்டு பொருள்களை இடம் மாற்றி இடம் மாற்றி வைத்தார். பீச் இடதுபக்கம் போகும், திராட்சைக்கொத்து மேசை விளிம்பைத் தாண்டித் தொங்கும், கொட்டை ஓட்டின் ஒரு துண்டு தனியாக முன்னால் வந்து விழும். ஒரே படத்தைத் திரும்ப வரைந்தார் என்று மேலோட்டமாகப் பார்ப்பவர்கள் சொல்வார்கள். இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒளி விழும் விதமே வேறாக இருக்கும்.

திராட்சையின் மேல் இருக்கும் அந்த வெண்மையை எப்படி வரைந்தார்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பறித்த திராட்சையிலும் பிளம்மிலும் சாம்பல் பூத்தாற்போல் ஒரு மெல்லிய படலம் இருக்கும். பழமே சுரக்கும் மெழுகு அது. விரலால் தேய்த்தால் போய்விடும், அடியிலிருந்து கருஞ்சிவப்புத் தோல் பளபளவென்று வெளியே வரும்.

எண்ணெய் வண்ணத்தில் இதைக் கொண்டுவர, முதலில் பழத்தை ஆழ்ந்த நிறத்தில் முழுவதும் வரைந்து காயவிட வேண்டும். அப்புறம் வெள்ளை கலந்த வண்ணத்தை மிகக் கொஞ்சமாக எடுத்து, கீழே இருக்கும் நிறம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக மேலே தடவ வேண்டும். இதில் ஒரு விந்தை நடக்கும். நீலத்தைத் தொடாமலேயே அந்த இடம் நீலமாகத் தெரியும். இருட்டான பரப்பின் மேல் வெளுத்த, கலங்கிய ஒரு படலம் கிடந்தால் கண்ணுக்கு நீலச்சாயல் தெரியும் என்று கவிஞர் கோதே நிறங்களைப் பற்றிய தன் ஆராய்ச்சியில் 1810லேயே விளக்கியிருக்கிறார். நிஜப் பழத்தில் நடப்பதும் அதுதான். அதாவது, பழம் எப்படி நீலம் பூக்கிறதோ அதே வழியில் படத்திலும் பூக்க வைக்கலாம்.

பிரையரின் பிளம்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். படலம் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்காது. ஒரு இடத்தில் அழிந்திருக்கும். பறித்த கை பட்ட இடம், அல்லது பக்கத்துப் பழம் உரசிய இடம். அங்கே மட்டும் தோல் மின்னும். காம்பு சேரும் குழியில் படலம் தடிமனாகத் தேங்கியிருக்கும்.

பச்சைத் திராட்சைக்கு வேறு கணக்கு. ஒளி அதற்குள் புகுந்து மறுபக்கம் வெளியேறும். அதனால் ஒளி வரும் பக்கத்தில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளியும், எதிர்ப்பக்கத்தில் நிழல் இருக்க வேண்டிய இடத்தில் தேன் நிறத்தில் ஒரு வெளிச்சமும் தெரியும். நடுவில் விதை மங்கலாக நிற்கும்.

அந்தத் தண்ணீர்த் துளிகள்?

அவையும் இதே தர்க்கம்தான். இடது மேலிருந்து ஒளி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். துளியின் இடது மேற்பக்கம் ஒரு கூர்மையான வெள்ளைப் புள்ளி. ஆனால் அந்தப் புள்ளியைச் சுற்றித் துளியின் உட்புறம் இருட்டாக இருக்கும். வலது கீழ்ப்பக்கம்தான் உள்ளிருந்து வெளிச்சமாகும், ஏனென்றால் துளி ஒரு லென்ஸ் மாதிரி ஒளியைக் குவித்து அங்கே அனுப்புகிறது. துளிக்கு வெளியே விழும் நிழலிலும் ஒரு சின்ன வெளிச்சத் தீற்றல் இருக்கும். இதில் ஏதாவது ஒன்றை மாற்றிப் போட்டால் துளி கண்ணாடி உருண்டையாகிவிடும். பிரையரின் துளிகள் இலையிலும் பழத்தோலிலும் ஒட்டியே நிற்கும்.

ஷாம்பெய்ன் கிண்ணங்களின் வளைவிலும் பார்க்க ஒன்று இருக்கிறது. ஓவியக்கூடத்து ஜன்னல் அதில் சின்னதாக, வளைந்து பிரதிபலிக்கும். படத்துக்கு வெளியே ஒரு அறை இருக்கிறது, அங்கே வெயில் வருகிறது என்பது அந்தக் கீற்றில்தான் நமக்குத் தெரிகிறது.

பழங்கள் அழுகிவிடாதா?

அழுகும். நன்றாகக் கனிந்த பீச் இரண்டு மூன்று நாளில் நிறம் மாறும். வண்ணம் காயும் வேகம் அதைவிட மெது. அதனால் இந்த வகை ஓவியர்கள் வழிவழியாகச் சில ஏற்பாடுகள் வைத்திருந்தார்கள். சீக்கிரம் கெடுவதை முதலில் வரைவது, துணி, கண்ணாடி, கொட்டை இவற்றைப் பின்னால் வைத்துக்கொள்வது, பருவத்தில் கிடைக்கும்போதே தனித்தனிப் பழங்களைப் பயிற்சிப் படங்களாக வரைந்து சேமிப்பது. 18ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் யான் ஃபான் ஹாய்சம், மஞ்சள் ரோஜா பூக்கும் பருவம் வரட்டும் என்று ஒரு படத்தை முடிக்காமல் அடுத்த ஆண்டு வரை வைத்திருந்ததை வாடிக்கையாளர் தரப்புக்குக் கடிதமாகவே எழுதினார். அந்தப் பொறுமை இல்லாதவர்களுக்கு இந்தத் தொழில் சரிப்பட்டு வராது.

டச்சு ஓவியர்களைப் பார்த்துச் செய்ததுதானே இது?

அவர்களிடம் கற்றுக்கொண்டார், அதில் ஒளிவுமறைவு இல்லை. 1835இல் அந்தப் பழைய ஓவியங்களை நேரில் பார்க்கவே ஹாலந்து போனார். 17ஆம் நூற்றாண்டு டச்சு ஸ்டில் லைஃப் இல்லாமல் பிரையர் இல்லை.

வித்தியாசம் எங்கே என்றால், டச்சுக்காரர்களின் பெரிய விருந்து மேசைகளில் வெள்ளித் தட்டு, நண்டு, சீனப் பீங்கான், பாதி உரித்த எலுமிச்சை என்று செல்வம் வழியும். கூடவே பல படங்களில் மண்டையோடு, மணற்கடிகாரம், அணையும் மெழுகுவத்தி வைத்து, "எல்லாம் அழியும்" என்று போதனையும் செய்வார்கள். பிரையர் செல்வத்தையும் குறைத்தார், போதனையையும் குறைத்தார். ஒரு ஈ, வாடத் தொடங்கிய ஒரு இலை, இவ்வளவோடு நிறுத்திக்கொண்டார். அதைக்கூட மரணத்தின் சின்னம் என்று கட்டாயப்படுத்திப் படிக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். பழம் இருந்தால் ஈ வரத்தான் செய்யும். ஈயின் இறக்கையில் நரம்பு ஓடுவதை அவர் வரைந்திருக்கும் விதத்தைப் பார்த்தால், பழத்துக்குக் கொடுத்த அதே கவனத்தை அதற்கும் கொடுத்திருக்கிறார் என்பது தெரியும்.

ஃபோட்டோ மாதிரி இருக்கிறது. இதில் கலை என்ன இருக்கிறது?

காலக்கணக்கை முதலில் பார்ப்போம். டகேரின் புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே பிரையரின் பாணி உருவாகிவிட்டது. அந்தப் புகைப்படங்களிலும் நிறம் கிடையாது.

அதைவிட முக்கியம், கேமரா ஒரு தூரத்தில் குவிந்தால் மற்றது மங்கும். நம் கண்ணும் ஒரு நேரத்தில் ஒரு இடத்தைத்தான் கூர்மையாகப் பார்க்கும். பிரையரின் படத்தில் முன்னால் கிடக்கும் கொட்டை ஓடும், பின்னால் இருக்கும் திராட்சை இலையும், கிண்ணத்தின் விளிம்பும் எல்லாமே கூர்மை. ஒவ்வொரு பொருளையும் தனியாக, நெருங்கிப் போய், முழுக் கவனத்தோடு பார்த்துவிட்டு, அத்தனை பார்வைகளையும் ஒரே மேசையில் சேர்த்து வைத்திருக்கிறார். ஒரே பார்வையில் கிடைக்காத காட்சி அது. எதை எதன் பக்கத்தில் வைப்பது, எந்த மஞ்சளுக்கு எந்தக் கருநீலம் துணை, கண் எங்கே நுழைந்து எங்கே இளைப்பாற வேண்டும் என்பதெல்லாம் அவர் எடுத்த முடிவுகள். தூரிகைத் தடமே தெரியாமல் வழுவழுப்பாக முடித்துவிடுவதால் அந்த உழைப்பு கண்ணில் படுவதில்லை.

இந்தப் படங்களை யார் வாங்கினார்கள்?

வணிகர்கள், வங்கியாளர்கள், தொழிலதிபர்கள். அரண்மனைச் சுவருக்கு வரலாற்று ஓவியம் பொருந்தும், வீட்டுச் சாப்பாட்டு அறைக்கு இந்தச் சிறிய படங்கள்தான் பொருந்தும். 1829இல் டுசல்டார்ஃபில் ரைன்லாந்து, வெஸ்ட்ஃபாலியா பகுதிகளுக்கான கலைச்சங்கம் தொடங்கியது. உறுப்பினர்கள் சந்தா கட்டுவார்கள், சங்கம் அந்தப் பணத்தில் ஓவியங்களை வாங்கும், வாங்கியவற்றில் பெரும்பகுதியைக் குலுக்கல் போட்டு உறுப்பினர்களுக்கே கொடுக்கும். நடுத்தர வசதி உள்ள வீடுகளுக்குள் அசல் ஓவியம் நுழைந்தது இப்படித்தான். டுசல்டார்ஃபில் அத்தனை ஓவியர்கள் பிழைக்க முடிந்ததற்கு இந்த ஏற்பாடு ஒரு பெரிய காரணம்.

பெர்லின் வங்கியாளர் வாகனரும் பிரையரின் ஓவியத்தை வாங்கியவர்களில் ஒருவர். அவர் 1861இல் இறந்தபோது தன் சேகரிப்பை முழுவதும் பிரஷ்ய மன்னருக்கு எழுதி வைத்தார். 262 ஓவியங்கள். பெர்லின் தேசிய ஓவியக்கூடம் பிறந்தது அந்தச் சேகரிப்பிலிருந்துதான். கடைசிப் படி என்று ஒதுக்கப்பட்ட பழ ஓவியம் நாட்டின் ஓவியக்கூடத்துக்கு அடித்தளச் சேகரிப்பிலேயே இடம் பிடித்தது எனக்கு இன்றும் சந்தோஷம் தரும் செய்தி.

அமெரிக்காவிலும் பிரபலமாக இருந்தாரா?

இருந்தார். 1849இல் ஜான் காட்ஃப்ரி போக்கர் என்ற வணிகர் நியூயார்க்கின் பிராட்வேயில் "டுசல்டார்ஃப் கேலரி" திறந்தார். டுசல்டார்ஃப் ஓவியர்களின் படங்களை அமெரிக்க மக்கள் கட்டணம் கொடுத்து வந்து பார்த்தார்கள். பிரையரின் பழங்களும் அங்கே இருந்தன. அந்தக் காலத்தில் அமெரிக்க இளைஞர்கள் ஓவியம் படிக்க டுசல்டார்ஃபுக்குக் கப்பலேறினார்கள். டெலாவேர் நதியை வாஷிங்டன் கடக்கும் அந்தப் பிரபலமான படத்தை லாய்ட்ஸே என்ற ஓவியர் வரைந்ததே டுசல்டார்ஃபில் இருந்தபடிதான்.

1848இல் ஜெர்மனியிலிருந்து நியூயார்க் வந்த செவெரின் ரோசன் என்ற ஸ்டில் லைஃப் ஓவியரின் படங்களைப் பார்த்தால் பழத்தோலின் மினுமினுப்பிலும் துளிகளிலும் பிரையரின் சாயல் தெரியும். ஆனால் ரோசன் மேசையை நிரப்பித் தள்ளுவார். பிரையர் அளவோடு நிறுத்துவார். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

எமிலி பிரையர் என்ற பெயரிலும் இதே மாதிரி படங்கள் வருகின்றனவே?

எமிலி அவருடைய மகள். 1849இல் டுசல்டார்ஃபில் பிறந்து 1930இல் இறந்தார். தாயின் பெயரும் எமிலிதான், விலங்குகளை வரைந்த ஓவியர் சிக்மண்ட் லாகன்விட்ஸின் சகோதரி. மகன் எர்னஸ்ட் நிலக்காட்சி ஓவியர். குடும்பமே தூரிகை பிடித்த குடும்பம்.

எமிலி படிக்கும் வயதில் டுசல்டார்ஃப் அகாடமியில் பெண்களை மாணவியராகச் சேர்ப்பதில்லை. அண்ணனுக்குத் திறந்த கதவு தங்கைக்குத் திறக்கவில்லை. அவர் கற்றுக்கொண்டது அப்பாவின் ஓவியக்கூடத்தில். அப்பா நடந்த பாதையிலேயே நடந்தார். அதே மேசை, அதே பீச், அதே ஷாம்பெய்ன் கிண்ணம், அதே ஈ. "அப்பாவைக் காப்பி அடித்தவர்" என்று ஒரே வரியில் அவரைக் கடந்துபோகிறவர்கள் உண்டு. ஒரு ஆண் தன் குருவின் வழியில் வரைந்தால் மரபு என்கிறோம். மகள் செய்தால் காப்பி என்பது எப்படிச் சரியாகும்? 19ஆம் நூற்றாண்டில் ஒரு பெண் சொந்தப் பெயரில் கையெழுத்திட்டுப் படங்களை விற்றுத் தொழில்முறை ஓவியராக நின்றிருக்கிறார். வாங்கியவர்கள் கடல் கடந்தும் இருந்தார்கள்.

இருவரின் படங்களையும் பிரித்துச் சொல்ல முதல் வழி கையெழுத்துதான். பெயர்ச்சுருக்கமும் குடும்பப்பெயரும் போட்டு, பல படங்களில் ஆண்டையும் எழுதியிருப்பது தந்தை. என் கண்ணுக்கு எமிலியின் ஒளி கொஞ்சம் மென்மை, நிறங்கள் கொஞ்சம் இளசு. ஆனால் இதை மட்டும் நம்பி யாரும் ஏலத்தில் பணம் போட வேண்டாம்.

இவ்வளவு புகழ் இருந்தும் ஏன் மறந்துபோனார்கள்?

ரசனை திரும்பிவிட்டது. பிரையர் இறந்த 1889க்குள் பிரான்சில் செசான் என்ற ஓவியர் ஆப்பிளை வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கியிருந்தார். தூரிகைத் தடம் தெரிய வேண்டும், ஓவியம் தன்னை ஓவியமாகக் காட்டிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. வழுவழுப்பான முடிப்பு பழைய சங்கதியாகிவிட்டது. டுசல்டார்ஃப் ஓவியர்கள் மொத்தமாகவே கலை வரலாற்று நூல்களின் ஓரத்துக்குப் போனார்கள். செசானை நேசிக்கிறவர் பிரையரை ஒதுக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நான் இருவரையும் நேசிக்கிறேன்.

எங்கே பார்க்கலாம்?

பெர்லினில் பழைய தேசிய ஓவியக்கூடத்திலும், டுசல்டார்ஃபில் குன்ஸ்ட்பலாஸ்ட் அருங்காட்சியகத்திலும் அவருடைய படங்கள் இருக்கின்றன. எல்லாம் எப்போதும் சுவரில் தொங்காது, போவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்தே பார்க்கிறவர்கள் அருங்காட்சியகங்கள் வலையில் தரும் பெரிய அளவுக் கோப்புகளைத் தேடுங்கள். ஃபோன் திரையில் முழுப்படமாகப் பார்த்தால் ஒரு காலண்டர் படம் போலத்தான் இருக்கும். ஒரு மூலையைப் பெரிதாக்கி, அங்கிருந்து மெல்ல நகருங்கள்.

ஓவியம் பழகுகிறவர் இவரிடம் எதைக் கற்கலாம்?

ஒரே ஒரு கருந்திராட்சையில் தொடங்கலாம். கழுவாத திராட்சையாக இருக்கட்டும், மாவுப் படலம் அப்படியே இருக்க வேண்டும். ஒரு பக்கத்து ஜன்னல் வெளிச்சம் மட்டும் போதும், மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். முதலில் படலமே இல்லாதது போல ஆழ்ந்த நிறத்தில் பழத்தை வரைந்து காயவிடுங்கள். பிறகு நிஜப் பழத்தில் ஒரு இடத்தை விரலால் தேய்த்துவிட்டு, தேய்த்த இடத்தையும் தேய்க்காத இடத்தையும் பார்த்துக்கொண்டே மேல்படலத்தைப் போடுங்கள். நீல வண்ணத்தைத் தொடவே கூடாது. வெள்ளையும் கொஞ்சம் கருப்பும் மட்டும். எண்ணெய் வண்ணம் இல்லாதவர்கள் அக்ரிலிக்கில் தண்ணீர் கலந்து மெல்லிசாகப் போட்டாலும் வரும், காயும் நேரமும் குறைவு. படலம் தடித்துவிட்டால் ஈரம் காய்வதற்குள் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி போடலாம்.